கடத்தும் கரிமப் படலம்: எதைக் கையில் எடுப்பது?

கரிமப் பொருள்களில் மின்கடத்துத்திறனின் உச்சத்தைத் தேடிப் போனால் கடைசியில் போய் நிற்பது பாலிஅசெட்டிலீனில்தான். 1977இல் ஷிரகாவா, மெக்டயர்மிட், ஹீகர் குழு அதற்கு அயோடின் ஆவி காட்டி மின்சாரம் கடத்தவைத்தது. 2000இல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1980களின் பிற்பாதியில், படலத்தை இழுத்து நீட்டி அதன் சங்கிலிகளை ஒரே திசைக்குக் கொண்டுவந்தவர்கள், கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் சீமென்ஸ் வரை போவதாக எழுதினார்கள். தாமிரத்துக்கே ஏறக்குறைய ஆறு லட்சம்தான். அவ்வளவு பக்கத்தில் வந்த பொருளை இன்று புதிதாக ஆய்வு தொடங்கும் யாரும் தொடுவதில்லை. காற்றில் வைத்தால் கெட்டுப்போகும், எதிலும் கரையாது, உருக்கவும் முடியாது. எண் மட்டும் அழகாக இருக்கிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. கடத்தும் கரிமப் படலங்களில் ஆய்வு செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, ‘எதில் கடத்துத்திறன் அதிகம்?’ என்பது. ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கத்தில் உள்ள எண்களை வரிசைப்படுத்தி, மேலே இருப்பதைத் தேர்ந்துகொள்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, அந்த எண் ஒற்றைப் படிகத்துக்கு உரியது என்றோ, தங்கள் கருவியில் மின்னோட்டம் வேறு திசையில் ஓடுகிறது என்றோ தெரியவருகிறது. தேர்வு தொடங்கவேண்டிய இடம் வேறு.

சிறிய ஆய்வகமோ புதிய ஆராய்ச்சி மாணவரோ உண்மையில் எடுக்கக்கூடிய பாதைகள் நான்கு. ஒன்று, பெடாட்-பிஎஸ்எஸ் (கடத்தும் பெடாட்டும் கடத்தாத பிஎஸ்எஸ்ஸும் சேர்ந்த கலவை) போன்ற பாலிமரைத் திரவமாகப் பூசி எடுப்பது. இரண்டு, டிடிஎஃப்-டிசிஎன்கியூ, ஈடி உப்புகள் போன்ற மின்னூட்டப் பரிமாற்ற உப்புகளை (ஒரு மூலக்கூறு எலக்ட்ரானைக் கொடுக்க, இன்னொன்று வாங்கும் உப்புகள்) படலமாக்குவது. மூன்று, சிறிய கரிம மூலக்கூறுகளை டோப்பிங் செய்து, அதாவது மின்னூட்டம் தரும் வேறொரு பொருளைச் சிறிதளவு கலந்து, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைப்பது. நான்கு, நீரின் மேற்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பி எடுக்கும் லாங்மியூர்-பிளாட்ஜெட் முறை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கருவி செய்ய வேண்டும் என்றால் முதலாவது, மூலக்கூறுகளின் இயற்பியல் வேண்டும் என்றால் இரண்டாவதின் ஒரு குறிப்பிட்ட வடிவம். மற்ற இரண்டுக்கும் தனியான காரணம் வேண்டும்.

மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடப்போகிறது?

பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. 50 நானோமீட்டர் தடிமனுள்ள படலம், கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 1000 சீமென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கரிமப் பொருளுக்கு இது நல்ல எண். இந்தப் படலத்தின் ஷீட் ரெசிஸ்டன்ஸ், அதாவது ஒரு சதுரத் துண்டில் ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை உள்ள தடை, சதுரத்துக்கு 200 ஓம் வருகிறது. ஒளி ஊடுருவும் மின்முனையாகப் பயன்படும் இண்டியம் டின் ஆக்சைடு பூசிய கண்ணாடியில் அது 10 முதல் 15 ஓம்தான் இருக்கும். ஆக, பக்கவாட்டில் மின்னோட்டம் ஓட வேண்டிய இடத்தில் 1000 என்பதே போதாமல் போகலாம்.

இப்போது வேறொரு படலம்: 30 நானோமீட்டர் தடிமன், கடத்துத்திறன் வெறும் 10⁻⁴. முந்தையதைவிட ஒரு கோடி மடங்கு மட்டம். ஆனால் மின்னோட்டம் இதில் மேலிருந்து கீழாக, தடிமனின் குறுக்கே ஓடுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இதன் தடை 0.03 ஓம். அதில் 10 மில்லிஆம்பியர் ஓடினால் இழக்கும் மின்னழுத்தம் 0.3 மில்லிவோல்ட். கரிம ஒளிவிடும் டையோடு சில வோல்ட்டில் இயங்குகிறது. அந்தக் கருவிக்கு இந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை. அங்கே கடத்துத்திறனை இன்னும் ஆயிரம் மடங்கு கூட்டி ஒரு பயனும் கிடையாது.

பயன் இல்லை என்பதோடு போவதில்லை, கெடுதலும் உண்டு. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளாக ஒளிரும் திரையில் நடுவே உள்ள படலம் நன்றாகக் கடத்தினால், ஒரு புள்ளியின் மின்னோட்டம் அடுத்த புள்ளிக்குக் கசியும். சூரிய மின்கலத்தில், மின்முனைக்கு வெளியே விழுந்த ஒளியின் மின்னோட்டத்தையும் படலம் இழுத்துவந்து, கலத்தின் திறனைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். பெடாட்-பிஎஸ்எஸ் விற்கும் நிறுவனங்கள் அதைப் பல தரங்களில் விற்பதற்குக் காரணம் இதுதான். ஒரு பங்கு பெடாட்டுக்கு இரண்டரைப் பங்கு பிஎஸ்எஸ் உள்ள தரம் மின்முனைக்கு. ஆறு பங்கு உள்ள தரத்தின் கடத்துத்திறன் 10⁻³ அளவில். இருபது பங்கு உள்ளது 10⁻⁵ அளவில். வேண்டுமென்றே குறைத்து விற்கிறார்கள், அதற்கு வாங்க ஆளும் இருக்கிறது.

எனவே உங்கள் கருவியின் படத்தை ஒரு தாளில் வரைந்து, மின்னோட்டத்துக்கு அம்புக்குறி போடுங்கள். அம்பு படலத்தின் நீளவாக்கில் போனால் முதலிரண்டு பாதைகள். குறுக்கே போனால் மூன்றாவதும் களத்தில் இறங்குகிறது.

புட்டியில் வரும் பாலிமர்

பெடாட் 1980களின் கடைசியில் பேயர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவானது. தனியாக அது எதிலும் கரையாது. பாலிஸ்டைரீன் சல்போனிக் அமிலத்தோடு, அதாவது பிஎஸ்எஸ்ஸோடு, சேர்த்ததும் நீரில் நீலத் திரவமாகப் பரவி நிற்கிறது. புகைப்படச் சுருளில் நிலைமின்சாரம் சேராமல் தடுக்கும் பூச்சாகத்தான் முதலில் பெரிய அளவில் பயன்பட்டது. கரிம மின்னணுவியல் அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டது.

இதன் பெரிய பலம், காலையில் தொடங்கினால் மாலைக்குள் அளவீடு கையில் இருக்கும். கண்ணாடியைச் சோப்பு நீர், அசிட்டோன், ஐசோப்ரொப்பனால் என்று வரிசையாகக் கழுவி, புறஊதா ஓசோனிலோ பிளாஸ்மாவிலோ சில நிமிடம் வைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் நீர்த்திரவம் கண்ணாடியில் பரவாமல் முத்துமுத்தாக ஓடிப்போகும். திரவத்தை 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டி வழியாகச் சிரிஞ்சால் அழுத்திவிடும்போது கை கொஞ்சம் வலிக்கும்; கட்டிதட்டிய பழைய புட்டி என்றால் வடிகட்டியே அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்தால் வடிகட்டியை மாற்றாதீர்கள், புட்டியை மாற்றுங்கள். அப்புறம் ஸ்பின் கோட்டரில் சுழற்றி, 120 முதல் 140 டிகிரியில் கால் மணி நேரம் உலர்த்தினால் வெளிர் நீலப் படலம் தயார்.

அப்படியே எடுத்த படலம் 1 சீமென்ஸைக்கூட எட்டாது. பூசும் முன் திரவத்தில் 5 சதவீதம் டைமெத்தில் சல்ஃபாக்சைடோ எத்திலீன் கிளைக்காலோ சேர்த்தால் அது பல நூறாக ஏறுகிறது. படலத்தை அடர் கந்தக அமிலத்தில் நனைத்தவர்கள் 4000க்கு மேல் காட்டியிருக்கிறார்கள். இவ்வளவு ஏற்றத்துக்கும் புதிதாக ஒரு மின்னூட்டமும் சேர்க்கவில்லை. மின்சாரம் கடத்தாத பிஎஸ்எஸ், பெடாட் துணுக்குகளைச் சுற்றி உறைபோல மூடியிருக்கிறது. கரைப்பானும் அமிலமும் அதை விலக்கி, பெடாட் சங்கிலிகளை ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கவைக்கின்றன. பிஎஸ்எஸ் வெளியேறும்போது படலமும் மெலிகிறது என்பதை மறக்க வேண்டாம். அமிலத்தில் நனைப்பதற்கு முன் அளந்த தடிமனை வைத்துக் கணக்குப் போட்டால் விடை தப்பாகவே வரும்.

குறைகள் என்று பார்த்தால், முதலாவது நீர். பிஎஸ்எஸ் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அளந்த எண்ணும் உலர்ந்த நாளில் அளந்த எண்ணும் ஒத்துப்போகாது. இரண்டாவது அமிலத்தன்மை. அது இண்டியம் டின் ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். மூன்றாவதை யாரும் முதலில் சொல்வதில்லை: படலத்தின் நீளவாக்கில் உள்ள கடத்துத்திறன் குறுக்காக இருப்பதில்லை. துணுக்குகள் தட்டையாகப் படிந்து நடுநடுவே பிஎஸ்எஸ் தகடுகள் நிற்பதால், குறுக்குத் திசையில் நூறு மடங்குக்கும் மேல் குறையலாம். வெப்ப வேறுபாட்டை மின்சாரமாக்கும் வெப்பமின்னியல் அளவீட்டில், கடத்துத்திறனைப் படலத்தின் நீளவாக்கிலும் வெப்பம் கடத்துவதைக் குறுக்கேயும் அளந்து, இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போட்டு வரும் அற்புதமான எண்களை நம்பாதீர்கள்.

திரவம் பிடிக்கவில்லை என்றால் பெடாட்டை ஆவி வழியாகவும் வளர்க்கலாம். இரும்பு டாசிலேட் போன்ற ஆக்சிஜனேற்றியை மெல்லப் பூசி, மூலப்பொருளின் ஆவியில் வைத்தால் பாலிமர் அங்கேயே உருவாகும். பிஎஸ்எஸ் இல்லை, கடத்துத்திறன் 1000ஐத் தாண்டும். இரும்பு எச்சத்தைக் கழுவி எடுப்பதும் ஒவ்வொரு முறையும் ஒரே படலத்தைத் திரும்பப் பெறுவதும்தான் பாடு.

படிகத்தில் உலோகம், படலத்தில் வேறு கதை

மின்னூட்டப் பரிமாற்ற உப்புகளின் வரலாறு பாலிமர்களைவிடப் பழையது. 1954இல் அகமாட்டு, இனோகுச்சி, மட்சுனாகா மூவரும் பெரிலீன் என்ற சாதாரண கரிமப் பொருளில் புரோமினைச் சேர்த்து, அது கண்ணாடியைப் போல மின்சாரத்தைத் தடுக்காமல் குறைகடத்தியைப் போலக் கடத்துவதைக் காட்டினார்கள். 1973இல் டிடிஎஃப்-டிசிஎன்கியூ வந்தது. டிடிஎஃப் எலக்ட்ரானைக் கொடுக்கும், டிசிஎன்கியூ வாங்கும். படிகத்தில் இரண்டும் கலந்து நிற்காமல் தனித்தனித் தூண்களாக அடுக்குகின்றன, ஒரு மூலக்கூறுக்குச் சராசரி 0.59 எலக்ட்ரான் கைமாறுகிறது. அந்த முழுமையில்லாத பரிமாற்றம்தான் விஷயமே. முழு எலக்ட்ரானும் மாறியிருந்தால் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒன்று குந்திக்கொண்டு, இன்னொன்றை நகரவிடாமல் செய்திருக்கும்.

அறை வெப்பநிலையில் தூணின் திசையில் கடத்துத்திறன் சில நூறு சீமென்ஸ். குளிர்விக்கக் குளிர்விக்க ஏறி, 60 கெல்வின் அருகே ஆயிரக்கணக்கில் போகும். பிறகு 54 கெல்வினில் தூண்களின் அணுக்கள் சற்றே இடம் மாறி, உலோகம் மின்காப்புப் பொருளாகிவிடும். இது பையர்ல்ஸ் மாற்றம். ஒற்றைப் பரிமாண உலோகத்தின் தலைவிதி.

இந்தப் படிகத்தை அப்படியே ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவைக்கலாம். இரண்டு மூலக்கூறுகளும் ஏறக்குறையச் சேர்ந்தே ஆவியாவதால் வேலை சுலபம். மூலக்கூறுத் தூண்களும் நல்லபடியாகக் கண்ணாடியின் தளத்திலேயே படுத்துக்கொள்கின்றன. ஆனால் ஒவ்வொரு சிறு படிகமும் தளத்துக்குள் தன்னிஷ்டத்துக்கு ஒரு பக்கம் திரும்பியிருக்கும். தூணின் குறுக்கே கடத்துத்திறன் நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு என்பதால், ஒரு படிகத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் ஒவ்வொரு எல்லையும் சுவராகிறது. விளைவு, படலத்தின் கடத்துத்திறன் படிகத்தைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வரை இறங்கும். குளிர்வித்தால் ஏறுவதற்குப் பதில் குறையும். உள்ளே ஒவ்வொரு துணுக்கும் உலோகம்தான், வெளியே மீட்டர் காட்டுவது குறைகடத்தி. இந்த அளவீட்டை வைத்து ‘இந்தப் பொருள் உலோகம் இல்லை’ என்று எழுதுவதும் தப்பு, ‘படிகம் உலோகம், ஆகவே படலமும் உலோகம்’ என்று எழுதுவதும் தப்பு. இரண்டையும் பார்க்கலாம், கட்டுரைகளில்.

எல்லை எப்போதும் கெடுதல் என்றும் இல்லை. 2008இல் ஆல்வெஸ், மொலினாரி, மோர்புர்கோ முதலியோர் தனி டிடிஎஃப் படிகத்தையும் தனி டிசிஎன்கியூ படிகத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார்கள். இரண்டுமே தனித்தனியே மின்காப்புப் பொருள்கள். தொட்ட இடத்தில் மட்டும் மெல்லிய கடத்தும் தளம் உருவாகி, உலோகத்தைப் போல நடந்துகொண்டது. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த சோதனைகளில் ஒன்று இது. பசை வேண்டாம், ஒட்டும் கருவி வேண்டாம், மெல்லிய படிகம் தானாகவே ஒட்டிக்கொள்ளும். வேலையெல்லாம் நல்ல படிகம் வளர்ப்பதில்தான்.

ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் கைகாட்டுவது ஈடி உப்புப் படலத்தை. பிஸ்எத்திலீன்டைதையோ-டிடிஎஃப் என்ற நீண்ட பெயரின் செல்லப்பெயர் ஈடி. இதன் மூலக்கூறுகள் தூணாக மட்டும் நிற்காமல் பக்கவாட்டிலும் கந்தக அணுக்கள் வழியே தொட்டுக்கொள்வதால் இரு பரிமாணத் தளங்கள் உருவாகின்றன. பையர்ல்ஸ் மாற்றத்தின் பிடி தளர்கிறது. 1988இல் இதன் தாமிரத் தயோசயனேட் உப்பு 10.4 கெல்வினில் மீக்கடத்தி ஆனது. படிகம் வளர்ப்பது பொறுமை வேலை: கண்ணாடிக் கலத்தில் ஒரு மைக்ரோஆம்பியர் அளவு மின்னோட்டத்தை வாரக்கணக்கில் விட்டு, அதிராத மேசையில் வைத்து, யாரும் தொடாமல் காவல் காக்க வேண்டும். வேறு யாராவது இழுப்பறையை ஓங்கிச் சாத்தினால் மனம் பதறும்.

படலத்துக்கு அது தேவையில்லை. உலான்ஸ்கி, லௌகினா, வெசியானா, ரோவிரா முதலியோர் வளர்த்தெடுத்த முறை இப்படி: பாலிகார்பனேட்டில் சில சதவீதம் ஈடி கரைத்து ஒளி ஊடுருவும் தாளாக வார்க்க வேண்டும். அதை அயோடினும் டைகுளோரோமீத்தேனும் கலந்த ஆவியின் மேல் சில நிமிடம் பிடிக்க வேண்டும். கரைப்பான் ஆவி தாளின் மேற்பரப்பை இளக்கும், ஈடி மேலே நகர்ந்து வரும், அயோடின் அதை ஆக்சிஜனேற்றும், மேற்பரப்பில் ஈடி-அயோடின் உப்பின் நுண்படிகங்கள் வலையாகப் பின்னிக்கொள்ளும். மஞ்சளாக இருந்த தாள் கண் முன்னே இருண்டு பளபளப்பதைப் பார்த்தபடியே எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கலாம். சூடாக்கிப் பதப்படுத்தினால் இந்த உப்பின் ஆல்பா எனப்படும் படிக வடிவம் பீட்டாவை ஒத்த வடிவத்துக்கு மாறும். அந்த மாற்றத்தை மின்தடையைக் குளிர்வித்து அளந்தே பிடித்துவிடலாம், ஏனென்றால் ஆல்பா 135 கெல்வினில் மின்காப்பாகிவிடும், மற்றது ஆகாது.

இந்தத் தாளை வளைக்கலாம், வெட்டலாம். வளைக்கும்போது மூலக்கூறுகளின் இடைவெளி மாறுவதால் மின்தடை மாறுகிறது. சாதாரண உலோகத் திரிபு உணரியைவிடப் பல மடங்கு கூர்மையாக. எனவே ஆய்வுக்கும் பயன்பாட்டுக்கும் ஒரே தாளில் இடம் இருக்கிறது. வேண்டியது ஆவியை வெளியே இழுக்கும் அலமாரி (ஃப்யூம் ஹூட்), வெப்பத் தட்டு, நான்கு தங்கத் தொடுப்புகள். ஈடியின் விலைதான் கையைக் கடிக்கும், ஆனாலும் ஒரு தாளுக்குச் செலவாவது மில்லிகிராம்களில்தான். அயோடின் அருகே உள்ள உலோகக் கருவிகளைத் துருப்பிடிக்கவைக்கும் என்பதால் ஆவி காட்டும் இடத்தைத் தள்ளி வையுங்கள்.

வெற்றிடமும் எஃப்4-டிசிஎன்கியூவும்

மூன்றாவது பாதையில் கடத்துத்திறன் எண் பரிதாபமாக இருக்கும்: 10⁻⁵ முதல் 10⁻³ வரை. ஆனால் வணிகரீதியில் இதுதான் ஜெயித்தது. டிரெஸ்டனில் கார்ல் லியோவின் குழு வளர்த்த டோப்பிங் முறையிலிருந்து 2001இல் நோவாலெட் நிறுவனம் பிறந்தது, 2013இல் சாம்சங் குழுமம் அதை வாங்கியது. குறுக்கே ஓடும் மின்னோட்டத்துக்கு 10⁻⁴ போதும் என்ற மேலே சொன்ன கணக்கு அங்கே தொழிலாகிவிட்டது.

வேலை நுட்பமானது. முக்கிய மூலக்கூறை நொடிக்கு ஒரு ஆங்ஸ்ட்ராம் வேகத்தில் படியவைத்துக்கொண்டே, பக்கத்துக் கலனிலிருந்து எஃப்4-டிசிஎன்கியூ (டிசிஎன்கியூவின் ஃப்ளூரின் சேர்ந்த வடிவம்) போன்ற, எலக்ட்ரானை வாங்கும் ஏற்பியை 2 சதவீதம் கலக்க வேண்டும். அதாவது நொடிக்கு 0.02 ஆங்ஸ்ட்ராம். படியும் தடிமனைக் காட்டும் குவார்ட்ஸ் அளவியின் கடைசி இலக்கமே அந்த இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும். இரண்டு கலன்களுக்கும் தனித்தனி அளவி, நடுவே தடுப்பு இருந்தால்தான் எதை அளக்கிறோம் என்று தெரியும்.

எஃப்4-டிசிஎன்கியூ சிறிய மூலக்கூறு, எளிதில் ஆவியாகும். வெற்றிடச் சேம்பரின் சுவர், மூடி, பம்ப் எல்லா இடத்திலும் போய் ஒட்டி, அடுத்த வாரம் வேறொருவர் செய்யும் டோப்பிங் இல்லாத படலத்திலும் தலைகாட்டும். பலர் பகிர்ந்துகொள்ளும் சேம்பர் என்றால் நட்பு கெடும். எஃப்6-டிசிஎன்என்கியூ போன்ற பருத்த ஏற்பிகள் கொஞ்சம் அடக்கமானவை. டோப்பிங் நடந்ததா என்பதை அகச்சிவப்பு நிறமாலையில் பார்த்துவிடலாம்: எஃப்4-டிசிஎன்கியூவின் நைட்ரைல் உச்சம் நடுநிலையில் 2227இல் இருக்கும், ஒரு எலக்ட்ரானை வாங்கியதும் 2194 செ.மீ.⁻¹ அருகே இறங்கும். இடைப்பட்ட இடத்தில் நின்றால் மின்னூட்டம் அரைகுறையாகப் பகிரப்பட்டிருக்கிறது என்று பொருள், கடத்துத்திறனும் பெரும்பாலும் அதற்கேற்ப மட்டமாகவே இருக்கும்.

சேம்பர் ஏற்கெனவே இருந்தால், அதுவும் இந்த வேலைக்கென்றே இருந்தால், இந்தப் பாதை நல்லது. இல்லாமல் இதற்காக வாங்குவது, ஆய்வின் முதல் ஆண்டைப் பம்புக்கும் கசிவுக்கும் தானம் செய்வதாகும்.

நீரின் மேல் ஒற்றை அடுக்கு

லாங்மியூர்-பிளாட்ஜெட் முறையைப் பற்றிப் பேசும்போது அக்னஸ் பொக்கெல்ஸின் பெயரைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. வீட்டுச் சமையலறையில் தகரத் தொட்டி வைத்து நீரின் மேற்பரப்பை அளந்து, இயற்பியலாளர் ராலேவுக்கு அவர் எழுதிய கடிதம் 1891இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. லாங்மியூரும் கேத்தரின் பிளாட்ஜெட்டும் அதற்குப் பிறகு வந்தவர்கள்.

1985இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நீண்ட ஆல்கைல் வாலுள்ள டிசிஎன்கியூ உப்பை இப்படிப் பல அடுக்குகளாக எடுத்து, அயோடின் ஆவி காட்டிக் கடத்தவைத்தார்கள். கடத்துத்திறன் 0.1 அளவில். அதற்கு மேல் ஏற்றுவது கடினம், காரணம் முறையிலேயே இருக்கிறது: மூலக்கூறு நீரில் மிதக்க வால் வேண்டும், அந்த வால் மின்சாரம் கடத்தாது. படலத்தின் பெரும்பகுதி மெழுகுதான். வால் இல்லாத மூலக்கூறைக் கொழுப்பமிலத்தோடு கலந்து பரப்பி இதைச் சமாளித்தவர்களும் உண்டு. ஒரே ஒரு அடுக்கின் தடிமனில் என்ன நடக்கிறது என்பதே உங்கள் கேள்வி என்றால் இதற்கு மாற்று இல்லை. வேறு எதற்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தூசியும் அதிர்வும் சோப்பின் ஒரு துளியும் ஒரு நாள் வேலையைக் கெடுத்துவிடும்.

எலக்ட்ரானைக் கடத்தும் பக்கம்

மேலே சொன்ன பெடாட் துளைகளை, அதாவது நேர் மின்னூட்டங்களை, கடத்துவது. எலக்ட்ரானைக் கடத்தி, காற்றிலும் தாங்கும் நல்ல கரிமப் படலம் நெடுங்காலம் இல்லை. 2022இல் தென் சீனத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் குழு வெளியிட்ட பிபிஎஃப்டிஓ என்ற பாலிமர் அந்த நிலையை மாற்றியது. டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரையும், பூசலாம், கடத்துத்திறன் 2000ஐத் தொடுகிறது. வெப்பமின்னியல் இணைக்கு எலக்ட்ரானைக் கடத்தும் எதிர்க் கால் தேடுபவர்கள் இன்று இதை விட்டுவிட்டு வேறு எதையாவது எடுத்தால் ஏன் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கரைப்பான் மெதுவாக உலர்வதால், பெடாட்டுக்குப் பழகிய சுழற்சி வேகமும் நேரமும் இதற்குச் சரிவராது. வெப்பத் தட்டில் பொறுமையாக உலர்த்த வேண்டும்.

அளப்பதில் வழுக்கும் இடங்கள்

எந்தப் பாதையை எடுத்தாலும் அளவீடு ஒன்றுதான், அதில் பாதைக்குத் தகுந்தபடி வழுக்கும் இடம் மாறும். பெடாட், ஈடி படலங்களுக்கு நான்கு முனை முறை போதும்: வரிசையான நான்கு முனைகளில் வெளி இரண்டில் மின்னோட்டம் விட்டு, உள் இரண்டில் மின்னழுத்தம் அளப்பது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து 4.532ஆல் பெருக்கினால் ஷீட் ரெசிஸ்டன்ஸ் வரும். ஆனால் அந்தப் பெருக்கெண் முனைகளின் இடைவெளியைவிடப் படலம் மிகப் பெரிதாக இருக்கும்போதுதான் செல்லும். ஒரு சென்டிமீட்டர் துண்டை வைத்துக்கொண்டு அதைப் போடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு 1958இல் வான் டெர் பாவ் தந்த முறை பொருத்தம்: எந்த வடிவமானாலும் சரி, ஓரத்தில் நான்கு சிறு தொடுப்புகள் இருந்தால் போதும்.

பெரிய பிழை தடிமனில்தான் வரும். பெடாட் படலம் மென்மையானது, தடிமன் அளவியின் ஊசி அதைக் கீறிக்கொண்டே போகும். 40 நானோமீட்டர் என்று காட்டுவது 50ஆக இருக்கலாம். ஈடி தாளில் நிலைமை இன்னும் மோசம், கடத்தும் அடுக்கு எங்கே முடிகிறது என்று தெளிவான கோடே இல்லை. அங்கே கடத்துத்திறன் எண்ணை வலிந்து எழுதாமல் ஷீட் ரெசிஸ்டன்ஸை மட்டும் கொடுப்பதே நேர்மை. வெற்றிடப் படலங்களுக்கு மின்தடை அவ்வளவு அதிகம் என்பதால், ஈரமான நாளில் வெறும் கண்ணாடியின் மேற்பரப்பே படலத்துக்குப் போட்டியாகக் கடத்தும். படலம் இல்லாத கண்ணாடியில் அதே மின்முனைகளைப் போட்டு முதலில் அளந்து வையுங்கள்.

அப்படியானால் எது?

வளையும் மின்முனை, உயிர்-உணரி, அச்சிட்ட சுற்று என்று கருவி உங்கள் இலக்கானால் பெடாட்-பிஎஸ்எஸ். அதில் கடத்துத்திறன் சாதனை முறியடிப்பதை ஆய்வுத் தலைப்பாக வைக்காதீர்கள். அந்தக் களத்தில் கூட்டம் அதிகம். ஈரத்தில் நிலைப்பு, குறுக்குத் திசைக் கடத்தல் போன்றவற்றில் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. மூலக்கூறு எப்படி அடுக்கினால் மின்சாரம் எப்படி ஓடும் என்பதுதான் உறுத்துகிறது என்றால் ஈடி தாள். குளிர்விக்கும் கருவி 77 கெல்வின் வரை போனால்கூடப் போதும், 135 கெல்வின் மாற்றம் அந்த எல்லைக்குள்ளேயே வருகிறது.

ஒளிவிடும் டையோடோ சூரிய மின்கலமோ செய்யும் குழுவில் சேர்கிறீர்கள் என்றால் கேள்வியே எழாது, சேம்பர் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். அப்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அதில் இதற்கு முன் என்னென்ன ஆவியாக்கியிருக்கிறார்கள்? பதிவேடு இல்லை என்றால், முதல் படலமாக டோப்பிங் இல்லாத ஒன்றைச் செய்து அளந்து பாருங்கள். அது கடத்தினால் சேம்பரைக் கழற்றிக் கழுவ வேண்டியதுதான்.